பி.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சா நேரா பி.எச்டி.யா? டெல்டா மாணவர்கள் இப்பவே செய்ய வேண்டியது என்ன?

நான்கு ஆண்டு பட்டப்படிப்பில் 75% மதிப்பெண் எடுத்தால், எம்.ஏ. இல்லாமலே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். யுஜிசி 2022 நவம்பரில் கொண்டுவந்த விதி இது. ஆனா டெல்டா மாவட்டங்களின் அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரம் 3 வருஷம்தான். அப்போ இவங்களுக்கு என்ன வழி?

எம்.ஏ. கட்டாயம்

3 ஆண்டு பட்டம் முடித்தவர்கள் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பில் 55% எடுக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வு உண்டு. எங்கே எம்.ஏ. படிக்கிறோம் என்பது இங்கே முக்கியம். ஐஐடிக்களில் சேர 'ஜாம்' தேர்வு, திருவாரூர் மத்திய பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 'க்யூட்' முதுநிலைத் தேர்வு. இரண்டையுமே பி.ஏ. கடைசி வருஷத்திலேயே எழுதலாம்.

கணக்குதான் முதல் தடை

பிளஸ் 2-வில் கணக்கு எடுக்காதவங்களும் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர முடியும். ஆனால் மேற்படிப்பில் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது இதைத்தான். என்பிடெல் தளத்தில் இந்தப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் வருஷமே ஆரம்பிச்சா மூணு வருஷம் கையில் இருக்கும்.

மாதம் ரூ.37,000

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால் மாதம் ரூ.37,000 உதவித்தொகை. விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை ஆய்வைத் தொடர்வதா, வேலைக்குப் போவதா என்பதை முடிவு செய்வதே பல நேரம் இந்தத் தொகைதான். ஆனா பொருளாதார வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படிப்பவர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது.

சொந்த ஊரே ஆய்வுக்களம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து கிராமங்களை ஆராயச் சொன்னார். அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த பாலக்குறிச்சியும் அதில் ஒன்று. இப்போது அது நாகை மாவட்டம். 1930-களில் அதே ஊரில் மறு ஆய்வு நடந்தது. 2019-ல் வெண்மணியுடன் சேர்த்து மீண்டும் ஆய்வு செய்யப்பட்டது. ஒரே கிராமத்துக்கு நூறாண்டுக் கணக்கு இருப்பது இந்தியாவில் அபூர்வம்.

பி.ஏ. மாணவரும் இதைச் செய்யலாம். குறுவை, சம்பா சாகுபடிச் செலவு எவ்வளவு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாள் காத்திருப்பு, அறுவடை இயந்திரம் வந்த பிறகு எத்தனை நாள் கூலி வேலை கிடைக்கிறது என்று 30 வீடுகளில் கேட்டு எழுதினாலே நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு அடித்தளம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. 'நல்ல மாணவர்' என்று மட்டும் எழுதும் கடிதத்தைவிட, செய்த ஆய்வை விவரிக்கும் கடிதத்துக்கே மதிப்பு அதிகம்.