அறுபத்தொன்று தப்பான விடையா?

பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு நாள் மாலை இயற்பியல் செய்முறை நோட்டுடன் என் முன்னால் வந்து நின்றாள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து, அதிலிருந்து தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் கணக்கிடும் சோதனை. புத்தகத்தில் உள்ள விடை, மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். அவளுக்கு வந்ததோ 61. ஆசிரியர் சிவப்பு மையால் அதைச் சுழித்து 'திரும்பச் செய்' என்று எழுதியிருந்தார். திரும்பச் செய்ய லேபில் நேரம் ஒதுக்கவில்லை.

"உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு, 72 வந்துவிடும்" என்றேன்.

"அப்போ அளந்தது எதுக்குப்பா?"

"மார்க்குக்கு" என்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "குழாயில எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது இருந்திருக்குமோ என்னமோ" என்றாள். அதை நானும் காதில் வாங்கவில்லை, மகளும் வாங்கவில்லை. அவள் திருத்தி எழுதினாள். முழு மதிப்பெண் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து இதை எழுதக் காரணம், அன்று என் மனைவி சொன்னதிலிருந்துதான் ஒரு விஞ்ஞானமே பிறந்திருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

தண்ணீரின் உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்தார் உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே யாரும் இல்லை. ஆகவே அது உள்நோக்கி இழுக்கப்படுகிறது. மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணிபோல் விறைப்பாக நிற்கிறது. அதன்மேல் எண்ணெய் படிந்தால் விறைப்பு குறைந்துவிடும். எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதுதான் ஆச்சரியம்.

லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் பரப்பில் அலை அடங்கியதாக பெஞ்சமின் ஃபிராங்கிளின் எழுதியது 1774இல் வெளிவந்தது. கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏதோ சில லட்சத்தில் ஒரு பங்கு. 1890இல் ராலே பிரபு நம் பூஜை அறைச் சாமானையே கையில் எடுத்தார். சுத்தமான தண்ணீரில் கற்பூரத் துணுக்கைப் போட்டால் அது சுற்றிச் சுற்றி ஓடும். எண்ணெய் பட்டால் நின்றுவிடும். 84 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் அதை நிறுத்த ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான ஆலிவ் எண்ணெய் போதுமானதாக இருந்தது. படலத்தின் கனம் சுமார் 1.6 நானோமீட்டர். கிட்டத்தட்ட ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்!

இதே வேலையை ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு பெண் தன் வீட்டில் செய்துகொண்டிருந்தாள். ஆக்னஸ் பொக்கல்ஸ், 1862இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயாளிப் பெற்றோரைக் கவனித்து, வீட்டு வேலைகளை நடத்தியபடியே, பிசுக்குப் படிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீரைப்போல் நடந்துகொள்வதில்லை என்று கவனித்தார். நமக்கெல்லாம் கண்ணில் படுவதுதான். அவர் அளந்தார். 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள தகரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார். மேற்பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் முடிந்தது. தண்ணீரைத் தொட்டு நிற்கும் சிறு வட்டத் தகட்டைத் தராசால் தூக்கி, எவ்வளவு இழுவிசை என்று பார்த்தார். அழுக்குள்ள பரப்பைச் சுருக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டம்வரை இழுவிசை ஏறக்குறைய மாறவில்லை. அதைத் தாண்டியதும் சடாரென்று குறைந்தது. மூலக்கூறுகள் தோளோடு தோள் இடித்து நிற்கத் தொடங்கும் இடம் அது.

1891 ஜனவரியில் அவர் ராலேக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை மொழிபெயர்த்தார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்; மார்ச்சில் வெளிவந்தது. அந்தத் தொட்டியைப் பின்னர் மேம்படுத்திய அமெரிக்கர் இர்விங் லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகம் எழுபது வயது ஆக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

தொட்டித் தண்ணீரை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். நம் நுரையீரலின் சிற்றறைகளுக்குள்ளும் ஈரப் பரப்பு உண்டு. அதன்மேல் படியும் மெல்லிய படலம் இழுவிசையைக் குறைப்பதால்தான் மூச்சை விட்டதும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை. 1957இல் ஜான் கிளெமென்ட்ஸ் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை இதே மாதிரித் தொட்டியில் பரப்பி அளந்து காட்டினார். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளிடம் அந்தப் பொருள் குறைவு என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் அதைக் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பலன் கண்டார்கள். இன்று எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் அந்த மருந்தால் பிழைக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், 61 தப்பான விடையா? தண்ணீரிலோ குழாயிலோ ஏதோ ஒரு படலம் இருக்கிறது என்று அந்த எண் சொல்லியது. நான் அதன் வாயை அடைத்தேன்.

நாம் ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே நிலபுலன் இல்லை. சிபாரிசுக்கு மாமன் மச்சான் இல்லை. பிள்ளைகளின் மதிப்பெண்தான் நம் சொத்து. நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த எண்ணை மறைத்து, வரவேண்டிய எண்ணை எழுதும் பழக்கம் நோட்டோடு நிற்பதில்லை. நாளைக்கு மருந்துக் கம்பெனியிலும் பாலம் கட்டும் இடத்திலும் அதே கைதான் எழுதும்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்கு வேறு விடை வந்தால் வந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏன் வந்திருக்கலாம் என்று கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். நம் சங்கத்துக் குழந்தைகள் விழாவில் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடலாம். ஒரு தாம்பாளம், தண்ணீர், மிளகுத்தூள், ஒரு துளி சோப்பு, பெரியவர்கள் மேற்பார்வையில் கொஞ்சம் கற்பூரம். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. 72க்குக் கீழே ரப்பர் போட்டு அழித்த 61 வெளிச்சத்தில் தெரிகிறது. மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டு, "அம்மாகிட்டயும் கேளுங்கப்பா" என்றாள். கேட்டேன்.