நிலவறையில் புத்தகம் வேண்டாம்

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் புது வீடு கட்டுகிறவர் தரைக்கடியில் ஓர் அறை எடுத்தால், அதில் பாத்திரம் வைக்கலாம், பழைய கட்டில் வைக்கலாம். புத்தகம் மட்டும் வேண்டாம்.

மலையடிவார ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் ஊறி, ஈரம் சுவரேறும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே தாளில் பூஞ்சை பிடிக்க வழி உண்டு. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் புகுந்தது. லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் ஊறின. அவற்றைச் செப்பனிடும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது.

ராஜஸ்தானில் பொக்ரான் அருகே பாதரியா கோயில் நூலகம் நிலத்தடியில்தான் இயங்குகிறது. அங்கே பாலைவனத்தின் வறண்ட காற்று துணை. தென்காசிப் பக்கம் அது ஏது?

ஓட்டுக்கு அடியிலுள்ள பரணும் ஆகாது, வெக்கை தாளை நொறுக்கும். மழைச்சாரல் படாத உள்சுவரில், நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து அரையடி உயர்த்தி அலமாரி போடுவதே நல்லது. தட்டுக்குத் தட்டு வசம்புத் துண்டு போடலாம். சுவடி காத்தவர்களின் பழைய வழக்கம் அது. பூச்சி அண்டாது. கறையானுக்கு மட்டும் அது போதாது, மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.