துணிக்குக் கிடைக்காத காப்பு

கோலாப்பூர் செருப்பை ஒத்த காலணிகள் 2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலன் நகரில் நடந்த ஆடை அலங்கார அணிவகுப்பில் வலம்வந்தன. அவற்றின் ஊரையும் பெயரையும் பிராடா நிறுவனம் முதலில் குறிப்பிடவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே இந்தியக் கைவினையின் தாக்கத்தை ஒப்புக்கொண்டது; பின்னர் இங்குள்ள கைவினைஞர்களுடன் சேர்ந்து தயாரிக்கவும் முன்வந்தது. அந்த நாள்களில், ஆர்.கே.பேட்டையில் எங்கள் அடுத்த தெருவில் தறி வைத்திருக்கும் ஒருவர் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டி, "புவிசார் குறியீடு வாங்கின பொருள்தானே ஐயா, கேஸ் போட முடியாதா?" என்று கேட்டார். அவருக்கான விடையை 1851-இல் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு மே 1 அன்று லண்டன் ஹைடு பூங்காவில் மாபெரும் உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. ஐந்தரை மாதங்களில் சுமார் 60 லட்சம் பார்வையாளர்கள். இந்தியப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி நிரப்பியது. 1849 லாகூர் உடன்படிக்கையில் பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் கையொப்பம் வாங்கிப் பெற்ற கோகினூர் வைரமும் அங்கே இருந்தது. சிறுவனின் ஒப்பத்தையும் உடன்படிக்கையாக ஏற்ற காலம் அது. (அம்பாரி பூட்டிக் காட்ட யானை வேண்டியிருந்தபோது, பாடம் செய்த ஆப்பிரிக்க யானை ஒன்றை இங்கிலாந்து அருங்காட்சியகத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள்.) காட்சிக்கு வரும் புதிய கண்டுபிடிப்புகளைப் பிறர் களவாடக் கூடும் என்ற அச்சத்தால், அவற்றுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரும் தனிச் சட்டம் ஒன்றைப் பிரிட்டன் நாடாளுமன்றம் அதே ஆண்டில் நிறைவேற்றியது.

இந்தியத் துணிகளுக்கு நேர்ந்தது வேறு. லண்டனில் இந்தியப் பொருள்களுக்குப் பொறுப்பு அதிகாரியாக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866-இல் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். நீளம், அகலம், எடை, உடுத்தும் முறை எல்லாம் குறித்து வைக்கப்பட்டன. மொத்தம் 20 பிரதிகள்; 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதை அங்குள்ள ஆலைகள் நெய்து அனுப்புவதற்கான கையேடு அது. நோக்கத்தை வாட்சன் மறைக்கவுமில்லை. நெய்தவரின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற எண்ணமே அன்றைய சட்டத்தில் இல்லை.

1873 வியன்னா கண்காட்சிக்கு வர வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் தயங்கினார்கள். ஆஸ்திரியா அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அங்கே கூடிய காப்புரிமை மாநாடும், 1878 கண்காட்சியை ஒட்டிப் பாரிஸில் நடந்த மாநாடும்தான் 1883 பாரிஸ் உடன்படிக்கைக்கு வழிவகுத்தன. முதலில் ஒப்பமிட்டவை 11 நாடுகள். கண்காட்சிப் பொருளுக்குத் தற்காலிகக் காப்பு தரும் விதி அதன் 11-ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. பிரிட்டன் 1884-இல் சேர்ந்தது. இந்தியா சேர்ந்தது 1998 டிசம்பரில்!

இந்த வரலாற்றின் சாய்வை மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு: புதியதாகவும் ஓர் உரிமையாளரின் பெயரிலும் இருப்பதையே சட்டம் சொத்தாகக் கண்டது. பழையதும் ஓர் ஊருக்கே பொதுவானதுமான கைத்திறன் அதன் கண்ணுக்கு மூலப்பொருள்தான். பருத்தியைப் போல, அவுரியைப் போல.

1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. அதன்படி நாம் 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றினோம். பதிவகம் சென்னை கிண்டியில், எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. கோலாப்பூர் செருப்புக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. ஆனால், அது காப்பது பெயரை, வடிவத்தை அல்ல. அக்காப்பும் பதிவு செய்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். பெயரே சொல்லாமல் வடிவத்தை எடுத்துக்கொண்டவரை அது எப்படித் தடுக்கும்? பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கும், வழக்குத் தொடுத்தவர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் அல்லர் என்று 2025 ஜூலையில் தள்ளுபடியானது.

பெயருக்கான காப்பிலும் இரண்டு தரம். ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் அரண் தருகிறது: உண்மையான ஊரைக் குறிப்பிட்டு, 'ஷாம்பெயின் பாணி' என்று எழுதினாலும் குற்றம். துணிக்கும் தோலுக்கும் 22-ஆம் பிரிவுதான். நுகர்வோர் ஏமாந்தார் என்று நாம் மெய்ப்பிக்க வேண்டும். இந்த வேற்றுமையை நீக்கக் கோரும் விவாதம் 2001 தோகா மாநாட்டிலிருந்து தீராமல் கிடக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கைத்தறிக்கென 1985 சட்டம் ஒதுக்கிய ரகங்களை நம் நாட்டு விசைத்தறிகளே நெய்து விற்பதும் நடக்கிறது. மிலனை மட்டும் குறைசொல்வது எளிது.

ஆயினும், இப்போது இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. 2024 நவம்பரில் ரியாத்தில் ஏற்கப்பட்ட வடிவமைப்புச் சட்ட உடன்படிக்கை, வடிவ உரிமை கோருபவர் அதில் உள்ள மரபறிவைத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்க நாடுகளுக்கு இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. அதை நம் வடிவமைப்புச் சட்டத்தில் நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2022 ஜூனில் தொடங்கிய பேச்சுகளில் புவிசார் குறியீடு தனி ஒப்பந்தமாகப் பிரிக்கப்பட்டது. தங்கள் ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அவர்கள் எந்த அளவு காப்பு கேட்கிறார்களோ, அந்த அளவை நம் சேலைக்கும் செருப்புக்கும் எழுத்தில் கேட்டுப் பெறுவதே பேச்சு நடத்துவோரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.