நொய்யலுக்குக் கோர்ட் மட்டும்தான் கதியா?

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டி முடித்தார்கள். பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். வந்து நின்றதோ திருப்பூர்ச் சாயத்தண்ணீர். மதகைத் திறக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கவேண்டிய விவசாயி, திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிய அணை அது.

பிறகு நடந்ததெல்லாம் கோர்ட்டில். ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை நிறுத்த 2006-இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றத்திலும் சாயப்பட்டறைகள் தரப்பு தோற்றது. அப்போதும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தக் காலம் முழுக்க மாநிலத்தின் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. பட்டறைகள் நின்று, வேலையாட்கள் மூட்டை கட்டிய பிறகுதான், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. அந்த யோசனை பத்து வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? கரையோர விவசாயிகளான எங்கள் ஆற்றாமை இதில்தான்.

சாயத்தொழிலுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சாயம் போட முடியும் என்பதைத் திருப்பூரே காட்டியிருக்கிறது. ஆனால் கழிவுநீரை ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில், ராத்திரியோடு ராத்திரியாக ஆறு நிறம் மாறுவதும் அடியோடு நின்றுவிடவில்லை. கரையோரத் தோட்டங்களில் வாய்க்கால் காய்ந்தால் வரப்பில் வெள்ளையாகப் பூக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு.

ஆகவே எங்கள் விவசாயிகள் சங்கத்தின் நிலைப்பாடு இது. நொய்யலை என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொரு கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதித் தரவேண்டும். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்கிற வரி எங்களுக்கு வேண்டாம். ஆற்றுநீரின் உப்பு அளவு மாதாமாதம் கரையோர ஊராட்சி அலுவலகங்களின் பலகையில் எழுதப்பட வேண்டும். அளவு ஏறினால் சுற்றுச்சூழல் அமைச்சர் சட்டமன்றத்தில் பதில் சொல்லட்டும். அதிகாரியை மாற்றிவிட்டோம் என்பது பதில் ஆகாது. கலப்பு உப்பை எங்கே, எப்போது, யார் செலவில் அகற்றுவது என்பதற்குத் தேதி போட்டுச் சொல்ல வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தமுறை எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே டீ போட்டுக் கொடுக்கப் போகிறோம். பால் திரிந்துபோனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.