காலையில் ஊர், மாலையில் காலனி

நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். வட மாவட்டம் ஒன்றில், ஒன்றியத் தலைநகரிலிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே, நான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான தெரபி மையம் நடத்துகிறேன். கிராமத்தில் இது ஓடுமா என்று கூடப் படித்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஓடுகிறது. எப்படி ஓட வைத்தேன் என்பதைத்தான் இதுவரை நான் வெளியே சொன்னதில்லை.

இடம் கேட்டுப் போனபோது, வாடகை பேசும் முன்பே வீட்டுக்காரர் என் சொந்த ஊர், தெரு, அப்பா பெயர் மூன்றையும் விசாரித்தார். பதில் அவருக்குத் திருப்தி. நான் இடைநிலைச் சாதியில் பிறந்தவள். என் படிப்புக்கு முன்பே என் சாதி அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

முதல் மாதம் 4 குழந்தைகள், எல்லோரும் ஊரிலிருந்து. பிறகு காலனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மறுநாளே ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து, "விசில், ஸ்பூனெல்லாம் வாயில வைக்கிற சாமான் மேடம், அவங்களுக்குத் தனியா வச்சிருங்களேன்" என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி விசில்தான், ஒவ்வொரு முறையும் கழுவி வைக்கிறோம் என்று விளக்கினேன். அவர் கேட்டது சுகாதாரம் அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன்? நேரத்தைப் பிரித்தேன். காலை ஊருக்கு, மாலை காலனிக்கு. டைரியில் எங்கும் சாதி எழுதவில்லை, "பேட்ச் 1", "பேட்ச் 2" என்றுதான் எழுதினேன். இரட்டைக் குவளையை எதிர்த்துக் கல்லூரியில் முழக்கம் போட்டவள், என் மையத்தில் இரட்டை நேரம் வைத்தேன். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நானும் கைதட்டினேன். என் டைரியில் அந்தச் சொல் இல்லாமலேயே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

முதலில் மையம் நிலைக்கட்டும், வாடகை கட்ட முடியாமல் மூடினால் காலனிக் குழந்தைக்கும்தானே நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே சிகிச்சை இலவசம். ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போகும். தெரபி என்பது ஒருநாள் ஊசி அல்ல, வாரம் இரண்டு மூன்று முறை என்று மாதக்கணக்கில் தொடர வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த இலவசம் கட்டுப்படியாகாது. ஆகவே என் மையம் தேவைதான். ஆனால் அந்தத் தேவையைக் காட்டித்தான் நான் தீண்டாமையை நடத்தினேன்.

அதை உடைத்தது ஒரு பாட்டி. "டீச்சரம்மா, எங்க புள்ளைக்கு ஏன் எப்பவும் சாயந்திரமே? அந்நேரத்துக்கு அவன் தூங்கி விழுறான். காலையில எங்களுக்கு வரத் தெரியாதா?" அவன் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் கவனத்தை எதிர்பார்த்து, முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது என்று அறிக்கை எழுதியிருந்தேன். அதே அறிக்கையில் 'பழம்' என்பதை 'பளம்' என்று சொன்னதையும் பிழைக் கணக்கில் சேர்த்திருந்தேன். அவன் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது வழக்கு, குறைபாடு அல்ல. முதலாண்டுப் பாடம் இது.

அடுத்த திங்கள் முதல் நேரத்தை வயதையும் தேவையையும் பார்த்து மாற்றினேன். முறை மாற்றி விளையாடுவது, கேட்டு வாங்குவது எல்லாம் இன்னொரு குழந்தை இருந்தால்தான் வரும். இதுவரை அதையும் சாதி பார்த்துத்தான் கொடுத்திருந்தேன்.

அப்போது இருந்த 23 குழந்தைகளில் 7 பேர் நின்றார்கள். மூன்று மாதத்தில் 3 பேர் திரும்பினார்கள். மனம் மாறி வந்தார்கள் என்று எழுத ஆசைதான். 40 கிலோமீட்டருக்குள் வேறு தெரபிஸ்ட் இல்லை, அதனால் வந்தார்கள். இன்னும் அந்த பெஞ்சில் தள்ளித்தான் உட்காருகிறார்கள். ஒரே விளையாட்டுப் பாயில் அவர்களுடைய பிள்ளைகள் உருள்கிறார்கள். வராத 4 பேரை நினைத்தால் வலிக்கிறது. சாதி பார்த்தது பெற்றோர், தெரபியை இழந்தது பிள்ளைகள். அதற்காகப் பழைய டைரிக்குத் திரும்ப முடியாது.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கு எத்தனை வயதில் தெரபி தொடங்குகிறது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. முற்போக்குப் பேசும் மருத்துவர்களே, தெரபிஸ்டுகளே, உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஜூனில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. காலனியில் ஒரு தொகுப்பு வீடு பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலி நுழையும் அகலம் வாசலுக்கு இல்லை. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.