நடந்து போய் வென்றவர்!

1969-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி. பகல் 2 மணி.

பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊர். அங்கே உலகப் புகழ் பெற்ற மோட்டார் பந்தயம். லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி இருந்தார்கள்.

சாலையின் ஒரு பக்கத்தில் பந்தயக் கார்கள் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கத்தில் டிரைவர்கள் நின்றார்கள்.

கொடி அசைந்தது!

டிரைவர்கள் பாய்ந்து ஓடினார்கள். சாலையைக் கடந்து, காருக்குள் குதித்து, கதவைச் சாத்தி, "விர்" என்று பறந்தார்கள். அந்தப் பந்தயத்தை அப்படித்தான் தொடங்குவார்கள். பல ஆண்டுகளாக இருந்து வந்த வழக்கம் அது.

ஆனால் ஒரே ஒருவர் மட்டும் ஓடவில்லை. நடந்து போனார்!

கடைத்தெருவுக்குப் போகிறவரைப் போல நடந்தார். காரில் ஏறினார். கதவைச் சாத்தினார். இருக்கையோடு உடம்பைப் பிணைக்கும் பெல்ட்டை எடுத்து, நிதானமாகப் பூட்டிக்கொண்டார். பிறகுதான் காரைக் கிளப்பினார்.

அதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். இவர்தான் கடைசி.

இப்படிச் செய்தவரின் பெயர் ஜாக்கி இக்ஸ். பெல்ஜியம் நாட்டுக்காரர். அப்போது அவருக்கு வயது 24.

ஏன் நடந்தார்?

அவருக்கு ஓடத் தெரியாதா? காலில் வலியா? இல்லை!

"ஓடிப்போய் ஏறும் இந்த வழக்கம் ஆபத்தானது" என்று உலகத்துக்குக் காட்டவே அவர் நடந்தார்.

ஓடிப்போய் ஏறுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு விநாடி கூட வீணாகக் கூடாது என்று, பெல்ட்டைப் பூட்டாமலே கிளம்பிவிடுவார்கள். கார் வேகமாக ஓடிக்கொண்டு இருக்கும்போது, ஒரு கையால் பெல்ட்டைப் பூட்டப் பார்ப்பார்கள். சிலர் நெடுந்தூரம் பூட்டாமலே ஓட்டுவார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 1968-ல், வில்லி மெரெஸ் என்ற வீரர் அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அவரும் பெல்ஜியம் நாட்டுக்காரர்தான். முதல் சுற்றிலேயே, கார் பறக்கும்போது கதவு திறந்துகொண்டது. கார் மோதி, அவருக்குத் தலையில் பலத்த காயம். அத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது.

கதவைச் சாத்த எத்தனை விநாடி ஆகும்? இரண்டு விநாடி! அந்த இரண்டு விநாடியை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு மனிதரின் வாழ்வே போயிற்று.

முதல் சுற்றிலேயே பலி

இக்ஸ் நடந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் சில நிமிஷங்களில் சிரிப்பு நின்றது.

முதல் சுற்று முடியும் முன்பே ஒரு பெரிய விபத்து. ஜான் உல்ப் என்ற ஆங்கிலேயரின் கார் நிலை தடுமாறி மோதிச் சிதறியது. தீப்பற்றி எரிந்தது. அவர் காரில் இருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். அவர் பெல்ட் பூட்டி இருக்கவில்லை.

நடந்து போன இக்ஸ் சொல்ல வந்தது என்ன என்பது, அந்த நிமிஷத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மறு ஆண்டு, 1970-ல், ஓடிப்போய் ஏறும் வழக்கம் ஒழிந்தது. வீரர்கள் காருக்குள் பெல்ட்டோடு உட்கார்ந்து இருக்க, பந்தயம் தொடங்கியது. 1971 முதல், கார்கள் மெதுவாக ஊர்ந்து வந்து பந்தயத்தைத் தொடங்கும் முறை ஏற்பட்டது.

ஒரு மனிதர் நடந்தார். பழைய வழக்கம் ஒன்று ஒழிந்தது!

கடைசியில் வந்தவர் முதலில்!

லெ மான் பந்தயம் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பந்தயம் அல்ல. விடாமல் 24 மணி நேரம் நடக்கும்! இன்று பிற்பகல் தொடங்கினால், நாளைப் பிற்பகல்தான் முடியும். அதற்குள் யார் அதிக தூரம் ஓடுகிறார்களோ, அவர்களுக்கே வெற்றி.

இக்சும், ஜாக்கி ஆலிவர் என்ற ஆங்கிலேயரும் ஒரே காரை மாறி மாறி ஓட்டினார்கள். அது போர்டு கம்பெனியின் கார். பழைய கார் என்று பலரும் அதை மதிக்கவில்லை. போர்ஷே கம்பெனியின் புதிய கார்கள் அதைவிட வேகமானவை.

ஆனால் வேகமான கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. பழைய கார் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி மூன்று மணி நேரம் இரண்டே கார்களுக்குள் போட்டி. ஒன்றில் இக்ஸ். மற்றொன்றில் ஹான்ஸ் ஹெர்மான் என்ற ஜெர்மன் வீரர். இவர் முந்துவார். அவர் முந்துவார். மறுபடியும் இவர் முந்துவார்.

முடிவில் இக்ஸ் வென்றார். ஓடிய தூரம் ஏறத்தாழ 5,000 கிலோ மீட்டர். வெற்றி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 120 மீட்டர்தான்!

"நடந்து போனதால் நேரம் வீணாயிற்று" என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுநாள் காலை

கதை இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலை இக்ஸ் தன் காரில் பாரீசுக்குப் புறப்பட்டார். இது பந்தயம் அல்ல. எல்லோரும் போகும் சாதாரண சாலை. சார்த்ர் என்ற ஊருக்கு அருகே, வேறொரு கார் திடீர் என்று குறுக்கே வந்தது. இக்சின் கார் தந்திக் கம்பத்தில் மோதி நொறுங்கியது.

இக்ஸ் என்ன ஆனார்? பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காயம் இல்லாமல் இறங்கி வந்தார்!

பந்தயத்தில் காத்துக்கொண்ட பழக்கம், சாலையிலும் அவரைக் காத்தது.

இந்த வேலை என்ன வேலை?

"கார்ப் பந்தயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஓட்டுவது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுவது, ஒரு குடும்பத்தை நடத்துவது போன்றது.

கையில் உள்ள பெட்ரோலைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். டயர் தேயாமல் பார்க்க வேண்டும். பிரேக்கை அளவோடு மிதிக்க வேண்டும். இரவில், மழையில், மெதுவாகப் போகும் கார்களை இடிக்காமல் தாண்ட வேண்டும். இத்தனைக்கும் மேலே, நல்ல நிலையில் காரை அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தவர் ஓட்டும்போது தூங்க வேண்டும். ஆம்! தூங்குவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

இந்த வேலையில் இக்ஸ் மன்னராக விளங்கினார். 1969, 1975, 1976, 1977, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில், மொத்தம் 6 முறை லெ மான் பந்தயத்தை வென்றார். இதை முறியடிக்க 2005-ம் ஆண்டு வரை யாராலும் முடியவில்லை. அந்த ஆண்டு டென்மார்க் வீரர் டாம் கிறிஸ்டன்சன் 7-வது முறையாக வென்றார். பிறகு அவர் 9 வெற்றிகளை எட்டினார்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் 2012-ல் இந்தப் பந்தயத்தில் ஓட்டினார். இதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. மூன்று பேர் மாறி மாறி ஓட்டிய அவருடைய கார் 6-வதாக வந்தது.

தனியாக ஓட்டியவர்

1952-ம் ஆண்டில் இதே லெ மானில் ஒரு சம்பவம்.

பியேர் லெவே என்ற பிரெஞ்சு வீரர் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தார். கூட்டாளி காத்து நின்றார். ஆனால் அவரிடம் காரைக் கொடுக்கவில்லை. தாமே ஓட்டினார். இரவு முழுவதும் ஓட்டினார். விடிந்த பிறகும் ஓட்டினார். 22 மணி நேரத்துக்கும் மேலாக ஒரே ஆள்!

மற்றவர்களை விட வெகுதூரம் முன்னால் இருந்தார். முடிய ஒரு மணி நேரம் சொச்சம்தான் பாக்கி.

அப்போது என்ஜின் உடைந்தது. எல்லாம் போயிற்று!

களைப்பில் கியரைத் தவறாக மாற்றியதே காரணம் என்று பலர் சொன்னார்கள். லெவே மனதில் வீரம் இருந்தது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் "நீ கொஞ்சம் ஓட்டு, நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இதோடு 1977-ம் ஆண்டுப் பந்தயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இக்ஸ் ஓட்டிய கார் தொடக்கத்திலேயே பழுதாகி நின்றுவிட்டது. அவரை அதே கம்பெனியின் வேறொரு காருக்கு மாற்றினார்கள். அதுவும் பழுதாகி, மிகவும் பின்தங்கிப் போயிருந்த கார்! ஹேவுட், பார்த் என்ற இருவர் அதன் டிரைவர்கள்.

இக்ஸ் இரவெல்லாம், மழையிலும் இருளிலும், அற்புதமாக ஓட்டினார். மூவருமாகச் சேர்ந்து காரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முடியும் நேரத்தில் என்ஜினின் ஆறு சிலிண்டர்களில் ஒன்று கெட்டது. மீதி ஐந்தை வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றுகளைப் பார்த் மெதுவாக ஓட்டி முடித்தார். வெற்றி!

தனியாக ஓட்டியவர் தோற்றார். சேர்ந்து ஓட்டிய மூவர் வென்றார்கள். இப்போது அங்கே சட்டமே இருக்கிறது. எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

"இது தேவைதானா?"

"இவ்வளவு கவனமானவர், உயிரைப் பணயம் வைக்கும் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மறைக்க வேண்டியது இல்லை. இது ஆபத்தான தொழில்தான். 1955-ல் லெ மானில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் காரை ஓட்டி இறந்தவர் யார் தெரியுமா? அதே பியேர் லெவே! முன்னால் போன கார் திடீர் என்று விலகியதால் நேர்ந்த விபத்து அது. அவர் மேல் பழி சொல்வதற்கு இல்லை.

இக்சும் துன்பத்தில் இருந்து தப்பவில்லை. 1970-ல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் அவர் கார் தீப்பற்றியது. தீக்காயங்களோடு உயிர் தப்பினார். அவர் மீது மோதிய கார், முந்திய ஆண்டு அவரோடு சேர்ந்து வென்ற ஜாக்கி ஆலிவருடையது! காரில் ஏற்பட்ட கோளாறே காரணம்.

1985-ல் பெல்ஜியத்தில் நடந்த பந்தயத்தில், ஸ்டெபான் பெல்லாப் என்ற 27 வயது ஜெர்மன் வீரர் இக்சை முந்தப் பார்த்தார். இரண்டு கார்களும் மோதின. இளைஞர் இறந்தார். அந்த ஆண்டோடு இக்ஸ் இந்தப் பந்தயங்களில் இருந்து விலகினார்.

ஆகவே, பந்தய வீரரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. உங்கள் பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. ஆபத்தை நன்றாக அறிந்தவர்களே பெல்ட்டைப் பூட்டுகிறார்கள், தூங்கி எழுந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969-ல் 120 மீட்டரில் தோற்ற ஹெர்மான், "லெ மானில் வென்றால் பந்தயத்தை விட்டுவிடுகிறேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்து இருந்தார். 1970-ல் வென்றார். புகழின் உச்சியில் இருந்தார். ஆனாலும் சொன்னபடியே விட்டுவிட்டார்! நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறவர் அல்லவா நல்ல டிரைவர்?

நாம் செய்ய வேண்டியது

பந்தயம் ஓட்டுகிறவருக்கே, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு வேன் பிடிக்கிற நாம் என்ன செய்கிறோம்?

பகல் முழுவதும் ஓட்டியவரை, இரவிலும் ஓட்டச் சொல்கிறோம். நாம் பின்னால் சாய்ந்து தூங்குகிறோம். "முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, வேகமாகப் போ" என்று விரட்டுகிறோம். அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுக்க நமக்குத் தோன்றுவது இல்லை.

இது அநியாயம். அதோடு ஆபத்து. அந்த வேனில் இருப்பது நம் மனைவி மக்கள்!

டிரைவர் "தூக்கம் வருகிறது" என்று சொன்னால் கோபிக்காதீர்கள். அவரைப் பாராட்டுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தித் தூங்கச் சொல்லுங்கள்.

காரில் ஏறியதும் பெல்ட்டைப் பூட்டுங்கள். பின்னால் உட்காருகிறவர்களும் பூட்டுங்கள். "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சொல்லாதீர்கள். பந்தயத்தில் தப்பிய இக்சுக்கு விபத்து நேர்ந்தது, மறுநாள் சாதாரண சாலையில்தான்!

வீட்டில் இருந்து கிளம்புகிறவரை, "சீக்கிரம் வந்துவிடு" என்று சொல்லி அனுப்புகிறோம். இனிமேல் "பார்த்து வா" என்று சொல்லி அனுப்புவோம்.

உலகத்திலேயே வேகமாக ஓட்டியவர்களில் ஒருவர், காருக்கு நடந்துதான் போனார். நமக்கு என்ன அவசரம்?