ஒரு ஹிட் போதுமா? எலக்ட்ரானிக் இசையில் நிலைத்து நிற்பது எப்படி?

ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன் இருந்தா போதும், வீட்டிலிருந்தே டிராக் போட்டு உலகத்துக்கே அனுப்பிவிடலாம். எலக்ட்ரானிக் இசைக்குள் நுழைவது இன்று அவ்வளவு சுலபம். ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது? சிக்கலே அங்கேதான்.

ஸ்ட்ரீமிங்கில் காசு வருமா?

ஸ்பாட்டிஃபை 2024-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத டிராக்கிற்கு, ஒலிப்பதிவுக்கான ராயல்டி கிடையாது. அந்த வரம்பைத் தாண்டினாலும் ஆரம்பத்தில் கைக்கு வருவது சில்லறைதான். அதனால்தான் பெரும்பாலான டிஜேக்கள் மேடை நிகழ்ச்சிகளையே நம்பியிருக்கிறார்கள்.

மேடை மட்டும் போதுமா?

ஸ்வீடனைச் சேர்ந்த அவிச்சியின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. 2011-ல் ‘லெவல்ஸ்’, 2013-ல் ‘வேக் மீ அப்’ என உலகம் முழுக்க ஹிட். ஆனால் ஓயாத பயணம், இரவு நிகழ்ச்சி, மது எனப் போன வாழ்க்கையில் உடம்பு முதலில் கைவிட்டது. 2012-ல் கணைய அழற்சி. 2014-ல் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றப்பட்டன. 2016-ல் மேடையிலிருந்து விலகினார். 2018 ஏப்ரலில் ஓமனில் உயிரிழந்தபோது அவருக்கு வயது 28.

50 ஆண்டுகளைக் கடந்தவர்கள் யார்?

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் 1970-ல் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் குழு. இவர்களின் கடைசிப் புது ஆல்பம் வந்தது 2003-ல். ஆனாலும் 2025-ல் கோச்செல்லா விழாவில் வாசித்தார்கள்! எப்படி? ஆரம்பத்திலிருந்தே க்ளிங் க்ளாங் என்ற சொந்த ஸ்டூடியோ. அவசரமில்லாத வேலை. பழைய ஆல்பங்களையே புதுக் காட்சிகளுடன் மேடையேற்றும் திறமை. 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவுகளில் எட்டு ஆல்பங்களை நிகழ்த்தினார்கள்.

2 விநாடிக்காக வழக்கா?

ஆமாம். இவர்களின் 1977-ம் ஆண்டு டிராக் ஒன்றிலிருந்து சுமார் 2 விநாடி தாளம், 1997-ல் ஒரு ஜெர்மன் ராப் பாட்டில் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டது. விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. காதுக்கு அடையாளம் தெரியும் அளவுக்கு எடுத்தால் உரிமையாளரின் அனுமதி தேவை என 2019-ல் அந்த நீதிமன்றம் கூறியது. வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது.

புதிதாக வருபவர்கள் என்ன செய்யலாம்?

* மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. எதை யாருக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்பதைப் படித்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.
* மேடை, ராயல்டி, படம், விளம்பரம், கேம் என வருமானத்தைப் பல வழிகளில் பிரித்துக்கொள்ளுங்கள்.
* வருகிற எல்லா நிகழ்ச்சிக்கும் ‘சரி’ சொல்லாதீர்கள். ஓய்வு நாட்களையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஹிட் ஒரு வருடம் சோறு போடலாம். அடுத்த முப்பது வருடத்துக்கு உரிமையும் உடம்பும் கையில் இருக்க வேண்டும்.